எலும்பு வீட்டாருக்கு ஏழு அடுப்பு

ஐப்பசி அடைமழை ஒன்பது நாள் விடாமல் கொட்டி, பத்தாம் நாள் காலையில் வானம் வெளுத்தபோது, கல்லோடைமேட்டுக்குத் தெற்கே யாரும் சீந்தாமல் கிடந்த சுண்ணாம்புக்கல் சுரங்கத்திலிருந்து ஏழு எலும்புக்கூடுகள் எழுந்து, மேலே ஒட்டியிருந்த சேற்றை உதறிவிட்டு, ஒன்றன்பின் ஒன்றாக மண்சாலையில் ஏறி, பால் சொசைட்டி வாசலில் கேனோடு நின்றவர்களைக் கடந்து, பேருந்து நிறுத்தத்துக்குப் பின்னால் இருக்கிற களத்தில் வந்து உட்கார்ந்தன. பெரியது பாதிப் பனை உயரம். சின்னது வெள்ளாட்டுக் கிடா அளவு. மற்ற ஐந்தும் இடைப்பட்ட உயரங்களில் இருந்தன. இரண்டு காலில் நடந்தன, முன்கை இரண்டும் சும்மா பேருக்குத் தொங்கின, வாய் நிறைய அரிவாள் நுனி மாதிரி பல். புல் தின்கிற வகை இல்லை என்று பார்த்த மாத்திரத்திலேயே தெரிந்துவிட்டது.

ஊர் பயந்ததா என்று கேட்பீர்கள். பயந்தது, மத்தியானம் வரைக்கும். கல்லோடைமேட்டில் ஏர் ஓட்டினால் நத்தைக்கல் புரளும், கிணறு வெட்டினால் சுறாப்பல் வரும், கொல்லையில் கக்கூஸ் குழி தோண்டினால்கூட ஏதாவது ஒரு காலத்துக் கடல் எட்டிப்பார்க்கும். அந்த ஊரில் பிறந்தவர்களுக்கு மண்ணுக்குக் கீழே வேறு ஆட்கள் குடியிருக்கிறார்கள் என்பது பட்டாவில் எழுதாத சங்கதி. "அடியில இருந்தது மேல வந்திருக்கு, வேற ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டு ஊராட்சித் தலைவர் உத்திராபதி அதுவரை விளக்காத பல்லை விளக்கப் போனார். அதோடு விஷயம் முடிந்தது.

அடுத்த கவலை சாப்பாடு. வீட்டுக்கு வந்தவர்களைப் பட்டினி போடுகிற ஊர் இல்லை அது. கோழி அடித்துப் போட்டார்கள். பெரியது கவ்வியது, மென்றது, முறையாக விழுங்கியது, விழுங்கியதெல்லாம் விலா எலும்புகளின் இடுக்கு வழியாகத் தரையில் விழுந்தது. வயிறு என்று ஒன்று இருந்தால்தானே? ஆனாலும் சாப்பிட்ட திருப்தி அதன் மண்டையோட்டில் தெரிந்தது என்று தலைவர் பெண்சாதி அடித்துச் சொன்னாள். அன்றையிலிருந்து ஊர் நாய்கள் மொத்தமும் அந்த விலாக்களுக்கு அடியில் குடிபெயர்ந்து, எலும்புக்கூடுகள் போகிற இடமெல்லாம் கூடவே நடந்து, கார்த்திகை முடிவதற்குள் குரைக்க முடியாத அளவுக்குக் கொழுத்துப்போயின.

மக்காச்சோளக் காட்டுக்குப் பன்றி வருவது நின்றது. நீளமான வால் முள்ளில் பெண்கள் புடவை காயப்போட்டார்கள், வாலும் ஆடாமல் அசையாமல் வெயில் சாயும்வரை பொறுமையாக இருந்தது. கடைசிப் பேருந்தின் நடத்துநர் முதல் வாரம் முறைத்துக்கொண்டிருந்துவிட்டு இரண்டாவது வாரம், "சின்னவர கொஞ்சம் வழியில இருந்து தள்ளி உக்காரச் சொல்லுங்கப்பா" என்று மரியாதையாகக் கேட்டார். தை மாதம் நடந்த கல்யாணத்துக்குப் பெரியதின் தாடையில் மஞ்சள் தடவிய பத்திரிகை வைத்து அழைத்தார்கள். மேலத்தெரு வீட்டார், கீழத்தெரு வீட்டார் என்கிற வரிசையில் எலும்பு வீட்டார் என்று ஒரு பெயரும் தானாகவே சேர்ந்துகொண்டது.

எலும்பு வீட்டாரை எல்லாரையும்விட அதிகமாகப் பார்த்துக்கொண்டிருந்தவள் கொளஞ்சி. களத்துக்கு எதிரே அவளுடைய தம்பி தனவேலுவின் வீடு. வீட்டை ஒட்டி மாட்டுக்கொட்டகை. கொட்டகையில் இப்போது மாடு இல்லை, கொளஞ்சி இருந்தாள். வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்தபடி அவள் கவனித்தது ஒன்று. ஏழும் காலையில் சுரங்கம் வரைக்கும் காலாற நடந்துபோய் வரும். நாலாவதற்கு இடது காலில் நொண்டல், முழங்காலுக்குக் கீழே எலும்பு இஞ்சிக் கணு மாதிரி புடைத்திருக்கும். அது பின்தங்கினால் முன்னால் போகிறவை நின்றுவிடும். திரும்பிப் பார்க்காது, கூப்பிடாது, அவசரப்படுத்தாது. நொண்டிக்காலின் டொக்கு டொக்குச் சத்தம் பக்கத்தில் கேட்டதும் மறுபடி நடக்கும். கொளஞ்சி அதைப் பார்க்கும்போதெல்லாம் கீரையை மடியிலேயே மறந்துவிடுவாள். ஏன் என்று சொல்கிறேன், அதற்கு முன்னால் அந்த ஊரின் ஒரு திருட்டுத்தனத்தைச் சொல்லியாக வேண்டும்.

கல்லோடைமேட்டில் அண்ணன் தம்பி எல்லாரும் ஒரே உலையில்தான் பொங்கித் தின்பார்கள். ஆனால் ஒரே அடுப்பு என்றால் ஒரே ரேஷன் கார்டு, தனி அடுப்பு என்றால் தனிக் கார்டு. அதனால் வழங்கல் அதிகாரி விசாரணைக்கு வருகிறார் என்று தகவல் வந்தால் போதும், பரணில் கிடக்கிற மண் அடுப்புகள் எல்லாம் கீழே இறங்கிவிடும். ஒரு வீட்டுக்குள் மூன்று மூலையில் மூன்று அடுப்பு, மூன்றிலும் கைப்பிடி சாம்பல், சுவரில் கரித்துணியால் ஓர் இழுப்பு. அண்ணனும் தம்பியும் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பார்கள். ஓரகத்திகள் ஒருத்தியை ஒருத்தி முறைப்பார்கள். அதிகாரி ஜீப் ஏறியதும் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சிரித்துக்கொண்டே சாப்பிடுவார்கள். நாடகக் கம்பெனி வைத்திருந்தால் பிழைத்திருப்பார்கள், படுபாவிகள்.

கொளஞ்சி கல்யாணமான மூன்றாம் வருஷமே புருஷனைப் பறிகொடுத்துப் பிறந்த வீட்டுக்கு வந்தவள். சுரங்கத்தில் வேலை பார்க்கும்போது கல் சரிந்து இடது கால் முறிந்தது, பன்னிரண்டு வருஷம் ஆயிற்று. ஆறு மாதம் படுக்கை. அப்போது தனவேலுவுக்குப் புதுக் கல்யாணம். தாலிக்கயிற்றில் மஞ்சள்கூட மங்காத தமிழரசி, நாத்தனாருக்கு ரசஞ்சோறு பிசைந்து ஊட்டி, முதுகு துடைத்து, பேன் பார்த்து, எழுப்பி உட்காரவைத்து நடக்கவும் வைத்தாள். அதெல்லாம் குறையே சொல்ல முடியாது.

கால் கூடிய அடுத்த மாதம் விசாரணை என்று தகவல் வந்தது. ஆதரவில்லாத தனி ஆளுக்கு முப்பத்தைந்து கிலோ அரிசி என்றார்கள். தனவேலு கொட்டகையில் ஒரு மண் அடுப்பு வைத்து, "ஒரு வாரந்தான் அக்கா, அவன் வந்துட்டுப் போற வரைக்கும்" என்றான். அதிகாரி அந்த வாரம் வரவில்லை. எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்பதால் கொளஞ்சி தினமும் அடுப்பு மூட்டினாள். மூட்டிய அடுப்பில் சும்மாவா தண்ணீர் கொதிக்கும், ஒரு பிடி அரிசி போட்டாள். அரிசி வெந்தது, சாப்பிட்டாள். இரண்டு மாதம் கழித்து அதிகாரி வந்து பார்த்து எழுதிக்கொண்டு போனபோது, அடுப்பை எடு என்று சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. சண்டை இல்லை, ஒரு சுடுசொல் இல்லை. பொய்க்கு வைத்த அடுப்பு மெய்யாக எரிய ஆரம்பித்துவிட்டது, அவ்வளவுதான். தீபாவளிக்குக் கறிக்குழம்பு கொட்டகைக்கு வரும், தூக்குவாளியில். தூக்குவாளியில் சோறு வருகிறது என்றால் நீ அடுத்த வீடு என்று அர்த்தம். பன்னிரண்டு வருஷமாகக் கொளஞ்சி அந்தத் தூக்குவாளியைக் கழுவிக் கழுவித் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

மாசி மாதம் புவியியல் துறையிலிருந்து மெர்சி என்று ஒரு ஆராய்ச்சிக்காரம்மா வந்தார். எலும்பு வீட்டாரை அளந்தார், சுரங்கத்தில் அவை கிடந்த பள்ளத்தையும் அளந்தார். டேப்பின் மறுமுனையைப் பிடிக்கக் கொளஞ்சி போனாள். பெரியது, நடுத்தரம், குட்டி, எல்லாம் ஒரே வெள்ளத்தின் ஒரே சேற்றில் ஒன்றாகச் செத்திருக்கின்றன என்றார் மெர்சி. நாலாவதின் காலைத் தடவிக்கொண்டே, "இத பாருங்க, முறிஞ்சு மறுபடி கூடியிருக்கு. ஒரு வருஷமாச்சும் ஆகியிருக்கும். துரத்திக் கொன்னு தின்ற பிராணிம்மா இது. கால் போனா பத்து நாள்ல பட்டினியில செத்திருக்கணும். சாகல. அப்படின்னா என்ன அர்த்தம்?" என்று கேட்டார்.

"யாரோ கொண்டாந்து போட்டிருக்காங்க" என்றாள் கொளஞ்சி.

"இதச் சொல்ல நான் இருபது வருஷம் படிச்சேன்" என்று மெர்சி சிரித்தார்.

ஆனால் ஏழு ஊர் அருங்காட்சியகங்கள் ஆளுக்கு ஒன்று கேட்டு எழுதியிருந்தன. கூட்டமாக வாழ்ந்தவை என்று சான்று இருந்தால் ஒரே இடத்தில் வைக்க வேண்டும், இல்லையென்றால் பிரித்து அனுப்பலாம் என்று விதி. மெர்சியின் இருநூறு பக்க அறிக்கையைப் பார்த்துவிட்டு, இது கருத்து, சான்று அல்ல என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். சேர்ந்து வாழ்கிறார்களா இல்லையா என்று நேரில் பார்த்துச் சான்று தருகிற அலுவலகம் மாவட்டத்திலேயே ஒன்றுதான் இருந்தது. ரேஷன் கார்டு கொடுக்கிற வழங்கல் அலுவலகம். ஆகவே வழங்கல் அதிகாரி சம்பந்தமூர்த்தி வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு எலும்பு வீட்டாரின் குடும்ப விசாரணைக்கு வருவார் என்று ஊராட்சிக்குக் கடிதம் வந்தது.

இந்த இடத்தில்தான் ஊரின் புத்தி வேலை செய்யாமல் கை வேலை செய்தது. வழங்கல் அதிகாரி, குடும்ப விசாரணை என்கிற இரண்டு வார்த்தை காதில் விழுந்ததும் முப்பது வருஷத்துப் பழக்கம் விழித்துக்கொண்டது. எலும்பு வீட்டார் மேல் இருந்த பிரியத்தில், ஒரு பயல்கூட ஒரு நிமிஷம் நின்று யோசிக்காமல், வியாழக்கிழமை விடிந்ததும் கைக்குக் கிடைத்த அடுப்பைத் தூக்கிக்கொண்டு களத்துக்கு ஓடினார்கள். ஏழு எலும்புக்கூட்டுக்கு முன்னால் ஏழு அடுப்பு. இடையிடையே ஓலைத் தட்டி. தரையில் சுண்ணாம்புக் கோடு. ஒன்றையொன்று பார்க்காதபடி மண்டையோடுகளைத் திருப்பி வைத்தார்கள். சின்னது மட்டும் கோட்டைத் தாண்டித் தாண்டிப் பெரியதின் காலடிக்கு ஓட, "இன்னிக்கு ஒரு நாளு பொறுத்துக்க சாமி" என்று தலைவரே அதை வாலைப் பிடித்து இழுத்துவந்து உட்காரவைத்தார்.

முதலில் ஆறு அடுப்புதான் சேர்ந்தது, ஏழாவது தூக்கிவரும்போதே கைதவறி உடைந்தது, ஜீப் வருகிற நேரமும் ஆகிவிட்டது. தமிழரசி கொட்டகைக்குப் போய்க் கொளஞ்சியின் அடுப்பை எடுத்துவந்து நாலாவதற்கு முன்னால் வைத்தாள். கொளஞ்சி அப்போது ஊரில் இல்லை. விடிகாலையில் கஞ்சி காய்ச்சிக் குடித்துவிட்டு, முழங்கால் வலிக்கு மருந்து வாங்க முதல் பேருந்தில் டவுனுக்குப் போயிருந்தாள்.

சம்பந்தமூர்த்தி வந்தார். வியர்வையைத் துடைத்துக்கொண்டு தட்டிகளுக்கு நடுவே நடந்து, ஒவ்வொரு அடுப்பாகத் தொட்டுப் பார்த்தார். ஆறும் சில்லென்றிருந்தன. ஏழாவதைத் தொட்டவர் கையைச் சட்டென்று எடுத்தார். சாம்பலுக்கடியில் கங்கு இன்னும் உயிரோடு இருந்தது.

"இது தெனம் எரியிற அடுப்பு" என்றார். "இந்தக் காலு வெளங்காதது தனிக் குடும்பந்தான், சந்தேகமே இல்ல. மத்ததும் அப்படியே. ஏழு அடுப்பு, ஏழு குடும்பம்." எழுதி, கையெழுத்துப் போட்டு, அடுப்புகள் ஏழும் அரசாங்க சாட்சிப் பொருள் என்று அரக்கு முத்திரையும் வைத்தார். "நாளைக்குக் காலையில ஏழு லாரி வரும். மொதல்ல நாலாவது."

அப்போதுதான் உத்திராபதிக்கு உறைத்தது. மேலத்தெருவுக்கும் உறைத்தது, கீழத்தெருவுக்கும் உறைத்தது. அதிகாரியோடு ஜீப்பில் வந்த மெர்சி தலையில் கைவைத்துக்கொண்டு கல்லில் உட்கார்ந்துவிட்டார். ஆனால் யார் வாயைத் திறப்பது? இவை பொய் அடுப்பு என்று ஒரு வார்த்தை சொன்னால், உன் வீட்டு அடுப்பு எப்படி என்று அடுத்த கேள்வி வரும். முப்பது வருஷத்துக் கார்டுகள் மொத்தமும் சாயும். 

பத்தரைப் பேருந்து வந்து நின்றது. கொளஞ்சி இறங்கினாள். தட்டிகளைப் பார்த்தாள், கோட்டைப் பார்த்தாள், நாலாவதற்கு முன்னால் முத்திரை குத்தி வைத்திருந்த தன் அடுப்பைப் பார்த்தாள். யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அந்த அடுப்பு என்ன செய்யும் என்று அவளைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் யார்?

"அது பொய் அடுப்பு சார்" என்றாள்.

"கை சுடுதேம்மா. நீங்க யாரு?"

"கொளஞ்சி. அது என் அடுப்பு."

சம்பந்தமூர்த்தி பதிவேட்டைப் புரட்டினார். "கொளஞ்சி, ஆதரவற்ற தனி ஆள், தனி அடுப்பு. பன்னெண்டு வருஷத்துக்கு முன்னால நானே வந்து பாத்து எழுதியிருக்கேன்."

"அன்னிக்கும் பொய்தான் சார்."

தனவேலு தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். கொளஞ்சி புடவையைக் கெண்டைக்கால் வரை தூக்கிப் புடைத்திருந்த எலும்பைக் காட்டினாள். "இது முறிஞ்சு கூடுன காலு சார். அதோ, அதுக்கும் அதே எடத்துல இருக்கு, வந்து தொட்டுப் பாருங்க. அடுப்பத் தொட்டா என்ன தெரியும்? யாரு வேணா மூட்டலாம். காலு தானா கூடுமா? நான் தனி ஆளா இருந்திருந்தா பன்னெண்டு வருஷம் முந்தியே செத்திருப்பேன். அதுவும் செத்திருக்கும். எங்க ரெண்டு பேருக்கும் யாரோ சோறு போட்டாங்க சார்."

"யாரு போட்டது? சாட்சி இருக்கா?"

 கொளஞ்சி யார் பெயரையும் சொல்லவில்லை. சொன்னால் தம்பி வீட்டுக் கார்டுதான் முதலில் போகும். அந்த ஒரு பெயரை உரியவர் வாயாலேயே கேட்க அவள் மனம் எப்படித் தவித்தது என்று அவளுக்குத்தான் தெரியும்.

"நான்தான் போட்டேன்" என்றாள் தமிழரசி, கூட்டத்துக்குப் பின்னாலிருந்து. முன்னால் வந்தாள். "ஆறு மாசம் ஊட்டிவிட்டேன். இன்னிக்கு அந்த அடுப்பத் தூக்கியாந்து இங்க வச்சதும் நான்தான்." சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

சம்பந்தமூர்த்தி வெகுநேரம் இரண்டு கால்களையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பேனாவை மூடினார். "ஊரு அடுப்பையெல்லாம் நான் பாக்கல, நான் வந்தது எலும்புக்கூட்டுக்கு. ஆனா போட்ட கையெழுத்த அழிக்க எனக்கு அதிகாரமில்லம்மா." ஜீப் போய்விட்டது. அடுப்பை யாரும் தொடக்கூடாது என்பதால் அன்று மத்தியானம் கொளஞ்சிக்குச் சமைக்க வழியில்லை. தமிழரசி கூச்சத்தோடு சோறு கொடுத்தனுப்பினாள். வந்தது அதே தூக்குவாளி. கொளஞ்சி மூடியைக்கூடத் திறக்காமல் அதை ஓரமாக வைத்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை ஏழு லாரிகள் வரிசையாக வந்து நின்றன. சம்பந்தமூர்த்தி பட்டியலோடு இறங்கினார். நாலாவதின் கழுத்தில் கயிறு போட்டார்கள், இழுத்தார்கள். அது வரமாட்டேன் என்று அடம்பிடிக்கவில்லை. நொண்டி நொண்டி இரண்டடி எடுத்து வைத்தது. அந்த டொக்கு டொக்குச் சத்தம் தங்களைவிட்டு விலகிப் போவதை மற்ற ஆறும் கேட்டன. கேட்டுவிட்டு, தட்டிகளைச் சாய்த்துக்கொண்டு, சுண்ணாம்புக் கோட்டை மிதித்துக்கொண்டு, ஏழு அடுப்புகளையும் நொறுக்கிக்கொண்டு ஓடிவந்து நாலாவதைச் சுற்றி நின்றன, நின்றபடியே மூட்டு மூட்டாகக் கழன்று, விலாவும் தாடையும் தொடையும் வாலுமாகச் சரசரவென்று ஒன்றன்மேல் ஒன்று உதிர்ந்து, கழுத்துக்கயிற்றோடு நாலாவதும் உதிர்ந்து, களத்தின் நடுவில் ஒரே குவியலாகிவிட்டன.

லாரிக்காரர்கள் எது யாருடைய எலும்பு என்று கேட்டார்கள். சம்பந்தமூர்த்தி மெர்சியைப் பார்த்தார்.

"பிரிக்கிறதுன்னா நாப்பது வருஷம் ஆகும்" என்றார் மெர்சி. "இதுங்க கெடந்த பள்ளத்த நான் அளந்தப்பவும் மண்ணுல இப்படி ஒண்ணா கலந்து கெடந்த தடந்தான் சார் இருந்துச்சு. கூட்டமா வாழ்ந்ததுங்கறதுக்கு இதத்தான் சாட்சின்னு நான் அறிக்கையில எழுதியிருந்தேன்."

சம்பந்தமூர்த்தி குவியலை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். அடுப்புகளைத் தேடினார், ஓட்டாஞ்சில்தான் இருந்தது. சாட்சிப் பொருளே இல்லாதபோது பழைய சான்று செல்லாது என்று விதியில் இருந்தது, அது அவருக்கு நினைவும் வந்தது. லாரியின் மட்கார்டில் தாளை வைத்து எழுதினார்: அடுப்பு இல்லை, பாகம் பிரிக்க இயலாத ஒரே குடும்பம். ஏழு லாரிகளும் வெறுமனே திரும்பின. அவர் முகத்தில் சந்தோஷம் இருந்தது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள், ஆனால் இருந்தது.

லாரிப் புழுதி அடங்கியதும் குவியல் அசைந்தது. ஏழும் எழுந்தன. அவசரத்தில் கைக்குக் கிடைத்ததை எடுத்து மாட்டிக்கொண்டதில் பெரியதுக்குச் சின்னதின் கழுத்து வந்திருந்தது, சின்னது யாருடைய வாலையோ இழுத்துக்கொண்டு தடுமாறியது. அந்த முறிந்து கூடிய கால் பெரியதிடம் போயிருந்தது. பெரியது நொண்டியது, நாலாவது மற்றவற்றோடு சேர்ந்து நின்று காத்திருந்தது. அடுத்த வாரம் அந்தக் கால் இரண்டாவதிடம் இருந்தது, அதற்கடுத்த வாரம் இன்னொன்றிடம். இன்றைக்கும் கல்லோடைமேட்டில் அந்த நொண்டல் முறை வைத்துத்தான் போய்க்கொண்டிருக்கிறது.

அன்று களம் கலைந்தபோது கொளஞ்சி குனிந்து தன் அடுப்பின் சில்லு ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டுக் கீழே போட்டாள். தனவேலு பக்கத்தில் வந்து நின்றான். இரண்டு தடவை செருமினான். "சந்தையில புது அடுப்பு ஒண்ணு வாங்கியாரட்டா அக்கா?"

"வேணாண்டா" என்றாள் கொளஞ்சி. "எங்கிட்ட தட்டு இருக்கு."

அவன் வீட்டைப் பார்த்து நடந்தான், தமிழரசியும் கூட நடந்தாள். கொளஞ்சி காலை இழுத்துக்கொண்டு பின்னால் வந்தாள். கொட்டகைக்கும் வீட்டுக்கும் வழி பிரிகிற வேப்பமரத்தடியில் முன்னால் போன இரண்டு பேரும் நின்றுவிட்டார்கள். திரும்பிப் பார்க்கவில்லை, கூப்பிடவில்லை. அவள் காலடிச் சத்தம் பக்கத்தில் கேட்கும்வரை நின்றார்கள்.

"குழம்பு என்னடி?" என்று கேட்டாள் கொளஞ்சி.

"கருவாடுக்கா" என்றாள் தமிழரசி. மூன்று பேரும் வீட்டுப் பக்கமாக நடந்தார்கள்.